நியூகாசிலின் நிலக்கரியும் பரேலியின் மூங்கிலும்

ஆங்கிலத்தில் ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. எந்தப் பொருள் எங்கே மலிந்து கிடக்கிறதோ அங்கேயே அதைச் சுமந்துசென்று விற்க முனையும் வீண்வேலையை அது குறிக்கும். இந்தியில் இதையே பரேலிக்கு மூங்கிலைத் திருப்பி அனுப்புவது என்பார்கள். தமிழில் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. மூன்றிலும் கருத்து ஒன்றே. ஊரும் சரக்கும்தான் வேறு. பரேலியிலும் மதுரையிலும் வளரும் பிள்ளைக்கு இந்தக் கருத்தை எவரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தந்ததில்லை. சந்தையிலும் திண்ணையிலும் காதில் விழுந்து, வாயில் வந்து, நினைவில் தங்கியது அது.

அந்தப் பிள்ளை பட்டம் பெற்று மத்திய அரசுப் பணிக்குத் தேர்வெழுதச் செல்லும்போது, அவரிடம் கருத்து இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. நியூகாசில் தெரியுமா என்றே கேட்கிறார்கள். பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வின் முதற்கட்டத்தில் 100 வினாக்கள். நேரம் ஒரு மணி. அவற்றுள் ஆங்கிலத்திற்கு 25 வினாக்கள். சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு. இத்தேர்வின் ஆங்கிலப் பகுதியில் மரபுத்தொடருக்குப் பொருள் கேட்கும் வினா, பருவம் தவறாமல் வரும் விருந்தாளி. வாக்கியமில்லாமலோ பெயருக்கு ஒரு வாக்கியத்திலோ ஒரு தொடர் வரும், கீழே நான்கு பொருள்கள் நிற்கும், ஒன்றைக் குறிக்கவேண்டும். ஒரு மதிப்பெண் குறைந்தால் தரவரிசையில் நெடுந்தொலைவு சரியும் தேர்வில், வருமான வரி ஆய்வாளராகவோ தணிக்கை அலுவலராகவோ ஒருவர் ஆவதும் ஆகாததும் இங்கிலாந்தின் ஒரு துறைமுகத்தில் எந்தச் சரக்கு மலிந்திருந்தது என்பதோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அங்கே வெட்டி முடித்த நிலக்கரியை இந்தியத் தேர்வறைகள் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த வினாக்கள் ஆங்கில அறிவை அளப்பதில்லை. ஒரு பட்டியலை வாங்க முடிந்ததா, அதை மனனம் செய்ய ஓய்வு இருந்ததா என்பதையே அளக்கின்றன. மரபுத்தொடரின் மேல் எவருக்கும் பகை இல்லை. மரபுத்தொடரைப் பயன்பாட்டிலிருந்து பிய்த்தெடுத்து வாயிற்கதவின் பூட்டாக மாற்றியதே இங்கே எதிர்க்கப்படவேண்டியது.

இந்தப் பூட்டின் வரலாறு வேடிக்கையானது. காலனிய ஆட்சியில் ஆங்கிலம் படித்து எழுத்தர் வேலைக்கு வந்த இந்தியரை வெள்ளையர் ‘பாபு’ என்று அழைத்து நகைத்தனர். நகைத்தது அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காக அன்று. மரபுத்தொடர்களை அளவுக்கு மீறி அள்ளிவீசினார், இடமறியாமல் கலந்தார் என்பதற்காக. 1891இல் அர்னால்டு ரைட் ‘பாபு ஆங்கில’த்தின் மாதிரிகளைத் தொகுத்து நகைச்சுவை நூலாகவே வெளியிட்டார். 1897இல் எஃப். ஆன்ஸ்டி என்னும் புனைபெயரில் எழுதியவர், ஜாபர்ஜி என்ற வங்காளிப் பட்டதாரியைக் கதைநாயகனாக்கி நாவல் ஒன்றை எழுதினார். ஜாபர்ஜியின் வாயிலிருந்து பழமொழிகளும் இலத்தீன் சொற்களும் மரபுத்தொடர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கொட்டும். படித்த ஆங்கிலேயர் சிரித்தார்கள். பேச்சைக் கேட்காமல் புத்தகத்திலிருந்து மட்டும் ஒரு மொழியைக் கற்றவன் இப்படித்தான் பேசுவான். அந்தக் கல்விமுறையை அவனுக்குக் கொடுத்தவர்களே அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். விடுதலை பெற்ற நாடு செய்திருக்கவேண்டியது, அந்தக் கல்விமுறையைக் கைவிடுவது. செய்தது, ஜாபர்ஜியையே தகுதியின் அளவுகோலாக்கியது. எதற்காகப் பாட்டனைக் கேலி செய்தார்களோ, அதையே பேரன் மனனம் செய்து வந்து ஒப்பிக்கவேண்டும் என்கிறது தேர்வுத்தாள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இத்தொடர்களை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஊகம் தேவையில்லை, கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தின் நிலைத்த தொடர்களை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தில் தேடிப் பார்த்து, 1998இல் ரோஸமண்ட் மூன் நூலாக வெளியிட்டார். அவர் ஆராய்ந்த தொடர்களில் மிகப் பெரும்பாலானவை 10 லட்சம் சொற்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. 10 லட்சம் சொற்கள் என்பது ஏறத்தாழப் பத்து நாவல்களின் அளவு. அதாவது, பத்து நாவல்களைப் படித்து முடித்த ஒருவர் ஒருமுறைகூடச் சந்திக்காமல் போகக்கூடிய தொடரை, ஆங்கிலம் அறிந்தவர் இன்னார் என்று பிரித்தறியும் சல்லடையாக வைத்திருக்கிறார்கள். இறப்பைக் குறிக்கும் ‘கிக் த பக்கெட்’, அடைமழையைக் குறிக்கும் ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ போன்றவை ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சில் ஒலிப்பதைவிட வழிகாட்டி நூல்களின் பக்கங்களிலேயே அதிகம் வாழ்கின்றன. முதல் தொடரை இரங்கல் கடிதத்தில் எழுதினால் என்ன நேரும் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. ‘பொருள்: இறந்துபோதல்’ என்பதோடு அது கடமையை முடித்துக்கொள்கிறது. ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கும் ‘காலமானார்’ என்பதற்கும் அகராதிப் பொருள் ஒன்றே என்பதால் இரண்டையும் ஒரே அறிவிப்பில் மாற்றி மாற்றி எழுதும் தமிழர் எவரும் இல்லை. பொருள் அறிவது வேறு. இடம் அறிவது வேறு. மரபுத்தொடரில் இரண்டாவதே உயிர்.

இதே பகுதியில் அடைக்கப்படும் இன்னொரு வகை, ‘பிரேசல் வெர்ப்’ எனப்படும் தொடர்வினை. ஒரு சிறிய வினையோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ போன்ற ஒட்டுச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது அது. இவை பிறமொழியாளருக்குப் பெருந்தொல்லை தரும் என்பதை 1755இலேயே தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் குறிப்பிட்டிருக்கிறார். மரபுத்தொடரின் நிலைமைக்கு நேர்மாறானது இவற்றின் நிலைமை. இவை அரிதானவை அல்ல. ஆங்கிலத்தின் அன்றாடச் சோறு இவையே. 2007இல் கார்ட்னர், டேவிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை ஆராய்ந்தனர். வெறும் 20 வினைகளும் 8 ஒட்டுச்சொற்களும் தமக்குள் சேர்வதாலேயே அந்தத் தரவகத்தின் தொடர்வினை வழக்குகளில் பாதிக்கு மேல் அமைந்துவிடுகின்றன என்பது அவர்களின் முடிவு. 20 வினைகள், 8 ஒட்டுகள்! ஓர் ஆசிரியர் ஒரு பருவத்தில் முறையாகக் கற்பித்துவிடக்கூடிய அளவு இது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: மிகுதியாக வழங்கும் 100 தொடர்வினைகளுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு. ‘மேக் அப்’ என்றால் முகத்திற்குப் பூசுவதும் ஆகும். கதை கட்டுவதும் ஆகும். சண்டைக்குப் பின் சமாதானமாவதும் ஆகும். பகுதிகள் சேர்ந்து முழுமையாவதும் ஆகும். ஒன்றின் எதிரே ஒன்று எழுதி மனனம் செய்யும் பட்டியல் இங்கே உதவாதது மட்டுமன்று, தீங்கானதும்கூட. ஐந்து வாசல் உள்ள வீட்டிற்கு ஒரே வாசல்தான் என்று அது சத்தியம் செய்கிறது.

பட்டியல் மறைக்கும் இலக்கணமும் உண்டு. ‘டர்ன் ஆஃப்’ என்பதில் ‘இட்’ என்னும் சுட்டுப்பெயர் இரண்டுக்கும் நடுவே வரவேண்டும். ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதே முறை. ‘லுக் ஆஃப்டர்’ என்பதில் அது நடுவே நுழையக்கூடாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதே முறை. ஆயிரம் தொடர்வினைகளுக்குப் பொருள் ஒப்பிக்கும் மாணவர் இந்த ஒரு வேறுபாட்டில் தடுமாறி நேர்காணலில் வாய் அடைத்து நிற்கிறார். பிழை அவருடையது என்று சொல்வது வசதியானது. அவருக்கு எவரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே உண்மை. ஏனெனில் தேர்வில் இது வராது, பொருள் மட்டுமே வரும்.

இந்திய மாணவர் இந்தத் துறையில் வெறுங்கையோடு வருபவர் அல்லர் என்பதை மொழியியல் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. முதல்வினையோடு துணைவினை சேர்ந்து பொருளுக்குச் சாயல் ஏற்றுவது தெற்காசிய மொழிகளின் பொதுப்பண்புகளுள் ஒன்று. 1976இல் வெளிவந்த காலின் மாசிக்காவின் நூல் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. தமிழில் ‘சாப்பிடு’ வேறு, ‘சாப்பிட்டுவிடு’ வேறு. இந்தியில் ‘கானா’ வேறு, ‘கா ஜானா’ வேறு. ஆங்கிலத்தின் ‘ஈட்’ என்பதற்கும் ‘ஈட் அப்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதற்கு வெகு அருகில் நிற்கிறது: செயல் மிச்சமின்றி முடிந்தது என்னும் சாயலை ஒரு மொழி ‘விடு’வால் ஏற்றுகிறது, இன்னொன்று ‘அப்’பால் ஏற்றுகிறது. ‘எழுதிவை’ என்பதிலுள்ள ‘வை’ பிற்பயன் கருதியது. ‘ரைட் டவுன்’ என்பதிலுள்ள ‘டவுன்’ அதன் பக்கத்து வீட்டுக்காரர். இவை ஒன்றுக்கொன்று முற்றும் ஒத்தவை அல்ல. ஆயினும் வாயிலுக்குள் அழைத்துச்செல்லப் போதுமானவை. ‘விட்டுக்கொடு’ என்பதை ‘விடு’ கூட்டல் ‘கொடு’ என்று பிரித்துப் பொருள் தேடாத குழந்தைக்கு, ‘கிவ் இன்’ என்பதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று விளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை இந்தியக் கல்வி செலவிட மறுக்கிறது. ஆங்கில வகுப்பில் தாய்மொழி நுழைவதே தீட்டு என்னும் மனநிலை, மாணவரின் கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பட்டியலைத் தடவச் சொல்கிறது.

இனி, இந்தியர் தாமே உருவாக்கிய, அல்லது காத்துவைத்த தொடர்களின் கதிக்கு வரலாம். கூட்டத்தை முன்தேதிக்கு மாற்றுவதைக் குறிக்கும் ‘ப்ரீபோன்’ என்பது வழிகாட்டி நூல்களின் ‘பொதுவான பிழைகள்’ பகுதியில் நிரந்தரக் குற்றவாளி. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ அதற்கு இடம் தந்திருக்கிறது. ‘டூ த நீட்ஃபுல்’ என்பதைக் கண்டு இன்று முகஞ்சுளிக்கிறார்கள். அது இங்கிலாந்திலேயே வழங்கி, அங்கே வழக்கு நலிந்த பின்னும் இந்தியக் கோப்புகளில் உயிர்வாழ்வது. படிப்பை முடித்து வெளியேறுவதைப் ‘பாஸ் அவுட்’ என்றால், அது மயங்கிவிழுதல் அல்லவா என்று திருத்துகிறார்கள். டேராடூனிலுள்ள இந்திய இராணுவ அகாதெமியில் பயிற்சி முடித்த அதிகாரிகள் நடத்தும் அணிவகுப்பின் பெயரே ‘பாஸிங் அவுட் பரேட்’. அங்கே எவரும் மயங்கி விழுவதில்லை. பிரிட்டிஷ் இராணுவ வழக்கிலிருந்து வந்த பொருள்தான் அது. அலுவலகங்களில் கோப்பை மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பதைப் ‘புட் அப்’ என்பார்கள். தேர்வில் வென்று பணியில் சேர்பவர் முதல் வாரத்திலேயே கற்றாகவேண்டிய தொடர்வினை இது. தேர்வுக்கு முன் கற்ற பட்டியலில் இந்தப் பொருளைத் தேடினால் கிடைப்பது அரிது.

எல்லாம் சரியே, பிழையென்று எதுவும் இல்லை என்பது இதன் பொருளன்று. ‘கோப் அப் வித்’ என்று எழுதுபவரிடம் அனைத்துலக வழக்கில் அந்த ‘அப்’ இல்லை என்று சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் ‘கீப் அப் வித்’ என்பதைப் பார்த்து ஒப்புமையால் உருவானது அது என்றும், மொழிகள் எங்கும் இப்படித்தான் கிளைக்கின்றன என்றும் சேர்த்துச் சொல்லலாம். பிரஜ் கச்ரு தம் 1983ஆம் ஆண்டு நூலில் இந்திய ஆங்கிலத்தைத் தனக்கென ஒழுங்குடைய வகையாகவே ஆராய்ந்தார். வழக்குகளுக்கிடையே வேறுபாடு ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும்கூட உண்டு. ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் இலண்டனிலும் டில்லியிலும் விவாதத்திற்குக் கொண்டுவருவது. வாஷிங்டனில் விவாதத்தை ஒத்திப்போடுவது. எதிரெதிர்ப் பொருள்! அங்கே அதை ‘வழக்கு வேறுபாடு’ என்கிறார்கள். அதே வேறுபாடு பாட்னாவில் தோன்றினால் மட்டும் அதன் பெயர் ‘பிழை’.

மறுப்புகள் மூன்று எழும். முதலாவது: மரபுத்தொடர்தானே மொழியின் அழகு, அதை நீக்கினால் ஆங்கிலம் வறண்டுவிடாதா? அழகு என்பது உண்மை. அதனால்தான் அதை நான்கு விடைகளுக்கு நடுவே நிறுத்தி அவமதிக்கக்கூடாது. டிக்கன்ஸையும் ஆர்.கே. நாராயணையும் படிக்கும் மாணவர், தொடரை அதன் வீட்டில் சந்திக்கிறார். பட்டியல் படிப்பவர் அதைப் பிணவறையில் சந்திக்கிறார்.

இரண்டாவது: உலகத்தோடு உரையாட மரபுத்தொடர் வேண்டாமா? இன்று உலகில் ஆங்கிலம் பேசுவோருள் பெரும்பான்மையினருக்கு அது தாய்மொழியன்று. அத்தகையோர் தமக்குள் உரையாடும்போது, ஒருவர் வீசும் மரபுத்தொடர் மற்றவருக்குப் புரியாமல் உரையாடல் முறிவதை வியன்னாப் பல்கலைக்கழகத்தின் பார்பரா சைடுல்ஹோஃபர் சுட்டிக்காட்டி, அதற்கு ‘ஒருதலை மரபுத்தொடர்மை’ என்று பொருள்படும் பெயரே வைத்தார். பன்னாட்டு விமானிகளுக்குரிய ஆங்கிலத் தகுதியை எண்ணிப் பார்க்கலாம். அனைத்துலகக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆறுபடி அளவுகோலில் நான்காம் படியே பறப்பதற்குப் போதுமானது. சொல்வளத்தைப் பற்றிய வரையறையில் மரபுத்தொடர்த்தன்மை ஐந்தாம் படியில்தான் தலைகாட்டுகிறது. நான்காம் படியில் கேட்பது வேறொன்று: உரிய சொல் கிட்டாதபோது, கருத்தை வேறு சொற்களால் விளக்கிவிடும் திறன். நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து எல்லை தாண்டிப் பறக்கும் விமானிக்குத் தேவைப்படாத மரபுத்தொடர், வரிக்கணக்கைச் சரிபார்க்கும் ஆய்வாளருக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதைத் தேர்வாணையம்தான் விளக்கவேண்டும்.

மூன்றாவது மறுப்பு நேர்மையானது: லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் கணினி திருத்தத்தக்க வினாக்கள் வேண்டும், மரபுத்தொடர் வினா அதற்கு எளிது. உண்மை. ஆனால் கணினி திருத்தத்தக்க நல்ல வினாவும் உண்டு. ஓர் அரசாணையின் பத்தியைக் கொடுத்து, ‘கேரி’ என்பதற்கு அடுத்த இடத்தை வெறுமையாக விட்டு, ‘அவுட்’ வருமா ‘ஆன்’ வருமா என்று கேட்கலாம். நீதிமன்றத் தீர்ப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து, ‘செட் அசைட்’ என்பதால் கீழமை நீதிமன்றத்தின் ஆணை நிலைத்ததா நீங்கியதா என்று கேட்கலாம். ‘ஃபேஸ் அவுட்’, ‘டேக் ஓவர்’, ‘ரூல் அவுட்’, ‘அக்கவுண்ட் ஃபார்’ ஆகியவை இல்லாமல் இந்நாட்டில் ஒரு சுற்றறிக்கையோ தணிக்கை அறிக்கையோ எழுதப்படுவது அரிது. சூழலிலிருந்து பொருளை உய்த்தறியும் திறனே பணிக்குத் தேவை; அதை அளப்பதற்கு ஒரு பத்தி போதும். பட்டியல் வினாவின் எளிமை, தேர்வு நடத்துபவருக்கு எளிமை. அதற்கான விலையைத் தேர்வெழுதுபவர் கொடுக்கிறார்.

அந்த விலை எல்லாருக்கும் சமமன்று. வீட்டில் ஆங்கில நாளிதழ் வரும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் தொடர்களில் பாதி உணவு மேசையிலேயே பழகிப்போயிருக்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர், டில்லியின் முகர்ஜி நகரிலோ பாட்னாவிலோ பிரயாக்ராஜிலோ ஓர் அறையை நான்குபேரோடு பகிர்ந்துகொண்டு, பயிற்சி மையத்திற்குக் கட்டணம் கட்டி, அந்தப் பட்டியலை விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது. மனனத்தில் போகும் மாதங்களில் அவர் ஆங்கிலத்தில் நாலு நூல்களை முழுமையாகப் படித்திருக்கலாம். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகும், நூல்கள் மறந்திருக்கா. பிறப்பால் கிடைத்ததைத் தகுதி என்று பெயரிட்டு அழைப்பதில் இந்தியாவுக்கு நீண்ட பயிற்சி உண்டு. மரபுத்தொடர் வினா அந்தப் பழைய வழக்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பணித்தேர்வுகளின் ஆங்கிலத் தாள்களிலிருந்து தனித்து நிற்கும் மரபுத்தொடர் வினாக்கள் நீக்கப்படவேண்டும். தொடர்வினைகள் பத்தியின் சூழலில் வைத்துக் கேட்கப்படவேண்டும். எவை கேட்கப்படலாம் என்பது அரசு ஆவணங்களின் தரவகத்திலிருந்து கணக்கிடப்பட்டு, பாடத்திட்டத்தோடு சேர்த்து இலவசமாக வெளியிடப்படவேண்டும். பல்கலைக்கழகங்களின் மொழியியல், ஆங்கிலத் துறைகள் இந்தத் தரவகத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்கவேண்டும். மேலைநாட்டுத் தரவகங்களை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் குவிந்துவிட்டன, இந்திய அலுவலக ஆங்கிலத்திற்கு ஒரு நம்பகமான வழக்குக்கணக்கு அவற்றைவிடப் பயன்தரும். பள்ளிகளில் தொடர்வினைகள் தாய்மொழியின் துணைவினைகளோடு ஒப்பிட்டுக் கற்பிக்கப்படவேண்டும்.

ஆங்கிலம் இந்த நாட்டில் ஏணியாகத்தான் இருக்கப்போகிறது என்றால், அதன் படிகள் மிதிப்பதற்கு உரியவையாக இருக்கவேண்டும். பரேலியின் மாணவரிடம் மூங்கிலைப் பற்றிய அறிவு ஏற்கெனவே இருக்கிறது. அதைக்கொண்டு ஏணி செய்யக் கற்றுத்தருவது கல்வி. நியூகாசிலின் நிலக்கரி எங்கே என்று கேட்டு அவரைத் திருப்பியனுப்புவதற்குத் தேர்வு என்று பெயர் வைத்திருப்பது அநீதி.